குற்றாலக் காற்றும் பெரணித் தோட்டமும்

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் ஐந்து கிலோமீட்டர் தூரம்தான். பெரணிச் செடிக்கு அந்த ஐந்து கிலோமீட்டர் பெரும் தொலைவு. சீசனுக்கு வந்தவர்கள் அருவிக்கரையில் பார்த்து ஆசைப்பட்டு, திரும்பும் வழியில் ஏதாவது ஒரு நர்சரியில் பெரணித் தொட்டி ஒன்றை வாங்கிப் போகிறார்கள். ஆவணி வரை அது தளதளவென்று நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் குறை இருக்காது. மாசி பிறந்ததும் இலை நுனி பழுப்பாகும், பங்குனியில் ஓரம் சுருளும், சித்திரையில் காய்ந்த காம்புகள்தான் மிஞ்சும். "தினமும் தண்ணி ஊத்துதேன் அண்ணாச்சி, ஆனாலும் கருகிட்டே போவுது" என்ற முறையீடு நர்சரிக்காரர்களுக்குப் பழகிப்போன ஒன்று. சொல்பவர் பொய் சொல்லவில்லை. தொட்டி மண்ணில் விரலை விட்டுப் பார்த்தால் ஈரமாகத்தான் இருக்கும். தண்ணீர் வேருக்குக் கிடைத்திருக்கிறது, காற்றில்தான் இல்லை.

பெரிய பெரணிகளை வீட்டில் வளர்க்க நினைப்பவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இந்தக் காற்றுக் கணக்கை. 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் 23 கிராம் நீராவியை ஏந்தும். சாரல் நாளில் ஈரப்பதம் 85 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அந்தக் காற்றில் இன்னும் மூன்றரை கிராமுக்குத்தான் இடம் இருக்கிறது. சித்திரை மாதப் பிற்பகல் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: வெப்பம் 36 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம். அந்த வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று ஏறக்குறைய 42 கிராம் நீராவியை ஏந்த வல்லது. இருப்பதோ 17 கிராம்தான். மீதி 25 கிராமை அது எங்கிருந்தாவது உறிஞ்சப் பார்க்கும். சாரல் நாளோடு ஒப்பிட்டால் இந்த உறிஞ்சல் ஏழு மடங்கு. வேரடியில் எவ்வளவு ஊற்றினாலும், ஏழு மடங்கு வேகத்தில் இலைக்குத் தண்ணீரை ஏற்றித் தர எல்லாச் செடியாலும் முடியாது. பெரணியால் அறவே முடியாது.

காரணம் அதன் உடலமைப்பில் இருக்கிறது. மாமரத்திலும் வேம்பிலும் நீரைக் கடத்த நீண்ட, அகலமான குழாய்கள் உண்டு. பெரும்பாலான பெரணிகளில் அந்தக் குழாய்கள் இல்லை. நுனி கூம்பிய குறுகிய செல்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்க, அவற்றின் சுவரில் உள்ள நுண்ணிய குழிகள் வழியாகத் தண்ணீர் மாறி மாறிக் கசிந்துதான் மேலே போகிறது. வரத்து மெதுவாக இருக்கும்போது செலவை அடைக்கும் வேலை இலைத்துளைகளுடையது. பூக்கும் தாவரங்களில் வறட்சி தட்டியதும் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் சுரந்து இலைத்துளைகளை மூடச் சொல்கிறது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிம் பிராட்ரிப், ஸ்காட் மெக்கேடம் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், பெரணியின் இலைத்துளை அந்த ஹார்மோனுக்குக் கட்டுப்படுவதில்லை என்றும், இலை வாடத் தொடங்கும்போது அதுவும் தளர்ந்து மூடிக்கொள்கிறது என்றும் காட்டினார்கள். இந்த முடிவை மறுத்து எழுதியவர்களும் உண்டு. ஆனால் தோட்டத்தில் நாம் கண்ணால் பார்ப்பது இதோடு ஒத்துப்போகிறது. ஒருமுறை நன்றாக வாடிய பெரணி இலை, மாலையில் தண்ணீர் தெளித்தாலும் பழையபடி நிமிர்வதில்லை.

குற்றாலத்தில் இந்தச் சிக்கலே எழாததற்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் அமைப்புதான் காரணம். தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு வறண்ட காற்றாகக் கிழக்கே இறங்குவதுதான் தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் நடப்பது. செங்கோட்டைக் கணவாயில் மலை தாழ்ந்திருக்கிறது. ஆரியங்காவு வழியாக ரயிலும் சாலையும் வரும் அதே இடைவெளியில் ஈரக்காற்றும் புகுந்து வந்து சாரலாகத் தூவுகிறது. திரிகூடமலையிலிருந்து இறங்கும் சிற்றாறு தேனருவி, செண்பகாதேவி அருவி என்று படிப்படியாக விழுந்து, பேரருவியில் பொங்குமாங்கடல் என்ற பாறைக்குழியை நிரப்பி, அங்கிருந்து வழிந்து கீழே சிதறுகிறது. அருவி உடைத்துத் தெறிக்கும் திவலைகள் சுற்றியுள்ள காற்றை ஈரமாகவே வைத்திருக்கின்றன. மேலே அடர்ந்த மரக்கூரை, பக்கத்தில் ஈரம் கசியும் பாறைச்சுவர். பெரணிக்கு வேண்டியதெல்லாம் அங்கே ஒன்றுசேர்ந்திருக்கிறது.

ஆனால் அதே கணவாய் தென்காசிக்கு இன்னொன்றையும் அனுப்புகிறது. ஆனி பிறந்தால் வீசும் மேல்காற்று. கயத்தாறு, சுரண்டைப் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பது சும்மா இல்லை. இலையை ஒட்டி மெல்லிய ஈரக்காற்றுப் படலம் ஒன்று எப்போதும் இருக்கும். இலையின் உள்ளீரத்துக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே இருக்கும் ஒரு தடுப்பு அது. வேகக் காற்று அந்தப் படலத்தை நொடிக்கு நொடி துடைத்தெறிகிறது. ஆகவே தென்காசியில் சாரல் மாதத்திலேயேகூட, வெட்டவெளியில் வைத்த பெரணியின் மேற்குப் பக்க இலைகள் கிழிந்தும் கருகியும் போவதைப் பார்க்கலாம். சாரல் அடிக்கிறதே, இனி என்ன குறை என்று மொட்டைமாடியில் தூக்கி வைப்பது தவறு.

நம் ஊரில் பெரணி எங்கே பிழைக்கும் என்பதைக் காட்டித்தர ஏற்கெனவே ஓர் இடம் இருக்கிறது. பழைய கிணறு. தென்காசி, இலஞ்சி, மேலகரம் பக்கத்து வீடுகளில் இன்னும் மூடாமல் இருக்கும் கல்கட்டுக் கிணறு ஒன்றை எட்டிப் பார்த்தால், விளிம்புக்குக் கீழே சில அடிகளில் பச்சை தொடங்கும். கறுப்பு நூல் போன்ற காம்பில் விசிறி விசிறியாகத் தொங்குவது அடியாண்டம். நீண்ட சீப்பு வடிவ இலையோடு காரைச் சந்தில் நிற்பது டெரிஸ் விட்டாட்டா. யாரும் நட்டதில்லை, யாரும் தண்ணீர் விடுவதில்லை, வேர் பிடித்திருப்பது விரல் அகலச் சந்தில். மண்ணே இல்லாத இடத்தில் அவை வாழ்வதற்கு ஒரே ஆதாரம், கிணற்றுக்குள் தேங்கி நிற்கும் ஈரமான, அசையாத காற்று. இந்த டெரிஸ் விட்டாட்டாவுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. மண்ணிலுள்ள ஆர்சனிக் நச்சை உறிஞ்சித் தன் இலைகளில் சேர்த்துவைக்கும் திறன் இதற்கு இருப்பதை 2001இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கண்டறிந்தார்கள். சுண்ணாம்புக் காரையை விரும்பும் பெரணி இது. மற்றப் பெரிய பெரணிகள் பலவற்றுக்குச் சுண்ணாம்பு ஆகாது.

ஈரக்காற்றை அடைத்து வைத்தால் பெரணி பிழைக்கும் என்பதை லண்டனில் ஒரு மருத்துவர் தற்செயலாகக் கண்டுகொண்டார். நத்தானியேல் வார்டு 1829 வாக்கில் ஒரு விட்டில்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு கண்ணாடிப் புட்டியில் மூடி வைத்தார். அவர் தோட்டத்தில் நிலக்கரிப் புகையால் பட்டுப்போய்க்கொண்டிருந்த பெரணி, அந்தப் புட்டிக்குள் தானாக முளைத்து வளர்ந்தது. அவர் உருவாக்கிய கண்ணாடிப் பெட்டிகள் பிறகு கப்பல் ஏறின. சீனத்துத் தேயிலைக் கன்றுகள் இந்தியாவுக்கு வந்ததும், 1860களில் தென்னமெரிக்காவின் சின்கோனாக் கன்றுகள் நீலகிரிக்கு வந்து சேர்ந்ததும் அத்தகைய பெட்டிகளில்தான். மலைத்தோட்டங்களின் வரலாற்றையே திருப்பிப்போட்ட பெட்டிக்கு முதல் பாடம் சொன்னது ஒரு பெரணி.

நம் மலைப் பெரணிகளைப் பெயரிட்டு எழுதிவைத்த வேலையும் அந்த நூற்றாண்டில்தான் தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் ஜாதிக்காய், கிராம்புத் தோட்டங்களைப் போட்டிருந்தது. 1830களின் நடுவில் பாளையங்கோட்டையில் படைப்பிரிவு மருத்துவராக இருந்த ராபர்ட் வைட் குற்றால மலையில் ஏராளமான தாவரங்களைச் சேகரித்தார். அவருக்காகத் தாவரப் படங்களை வரைந்த ரங்கையா, கோவிந்து என்ற இரு ஓவியர்களின் பெயர்களை நாம் இன்னும் அதிகம் சொல்ல வேண்டும். பெரணிகளுக்கென்றே தனி நூல் எழுதியவர் வன அதிகாரி ரிச்சர்ட் ஹென்றி பெடோம். தென்னிந்தியப் பெரணிகள் பற்றிய அவருடைய படத்தொகுப்பு 1863-64இல் சென்னையிலிருந்து வெளிவந்தது. இருபதாம் நூற்றாண்டில் இந்த வேலை திருநெல்வேலிச் சீமைக்கே திரும்பி வந்தது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் அருட்தந்தை மாணிக்கமும் இருதயராஜும் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிப் பெரணித் தாவரங்களைத் தொகுத்து 1992இல் வெளியிட்ட நூல், இன்றும் இத்துறையில் கைநூல். அருகிவரும் பெரணிகளை, அவற்றின் இனப்பெருக்கத் தூளான ஸ்போர்களிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்தெடுக்கும் பணியையும் அக்கல்லூரி செய்திருக்கிறது.

இனி செடிகளுக்கு வருவோம். பெரியது வேண்டும் என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஆஞ்சியாப்டெரிஸ். மலையோரங்களில் ஓடைக்கரை நிழலில் வளரும் ராட்சதப் பெரணி. ஓர் இலை ஐந்து மீட்டரையும் தாண்டி வளரும். இத்தனை நீள இலையைத் தாங்க உள்ளே மரக்கட்டை போன்ற கெட்டித் தசை இருக்கும் என்று நினைத்தால், அதுதான் இல்லை. காம்பின் அடியிலும், கிளை பிரியும் இடங்களிலும் ஒரு வீக்கம் தெரியும். அந்த வீக்கத்துச் செல்கள் நீரை நிரப்பிக்கொண்டு விறைத்து நிற்பதுதான் இலையின் எடையைத் தூக்கிப் பிடிக்கிறது. ஆகவே நீர் குறைந்தால் மற்றப் பெரணி கருகத் தொடங்குமுன்னே இது தொங்கிப்போய்விடும். ஓடைக்கரையை விட்டு அது விலகாததற்குக் காரணம் இதுவே. இதன் குடும்பம் நிலக்கரி உருவான காலத்துச் சதுப்புக் காடுகளிலேயே இருந்தது. வயது முப்பது கோடி ஆண்டுகளுக்கு மேல். பூவும் கனியும் உலகத்தில் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பு.

இதை இனப்பெருக்கம் செய்ய ஓர் எளிய வழி உண்டு. காம்பின் அடியில் இருபுறமும் காது மடல் போலத் தடித்த சதைப்பற்றான செதில்கள் இருக்கும். மாவுச்சத்து நிறைந்தவை. பழைய இலை உதிர்ந்தபின் அடித்தண்டில் இவை ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்றைச் சுத்தமான கத்தியால் எடுத்து, வெட்டுவாய் ஒரு நாள் ஆறியபின், ஈர மணலும் நார்க்கழிவும் கலந்த தொட்டியில் பாதி புதைத்து நிழலில் மூடி வைத்தால், மாதங்கள் கழித்து அதன் விளிம்பில் சுருண்ட குருத்து ஒன்று எட்டிப் பார்க்கும். பொறுமை வேண்டும். கிளறிப் பார்த்துக்கொண்டே இருந்தால் அழுகிவிடும். இவ்வளவு நுணுக்கம் பார்க்கும் இந்தச் செடி, காற்று பிடித்துப்போன இடத்தில் என்ன செய்யும் என்பதற்கு ஜமைக்காவும் ஹவாயும் சாட்சி. அங்கே தாவரவியல் தோட்டங்களில் அழகுக்காக வைத்த ஆஞ்சியாப்டெரிஸ், வேலி தாண்டிக் காட்டுக்குள் பரவி, உள்ளூர்ச் செடிகளை நெருக்கும் களையாகிவிட்டது.

மரப்பெரணி எல்லோர் மனத்திலும் இருக்கும் ஆசை. சயாத்தியா இனத்தைச் சேர்ந்த இவை நம் மலைகளில் மேல்மட்ட ஓடைகளில் குடை விரித்து நிற்கும். அதன் தண்டு என்று நாம் பார்ப்பதன் அடிப்பாகத்தில் பெரும்பங்கு, மேலிருந்து இறங்கிப் பின்னிக்கொண்ட வேர்கள். மரப்பெரணிக்குத் தூரில் மட்டும் தண்ணீர் விடுவது போதாததற்கு இதுதான் காரணம். தண்டையே மேலிருந்து நனைக்க வேண்டும்; கோடையில் தண்டைச் சுற்றிப் பாசியோ ஈரச் சாக்கோ கட்டி வைப்பவர்கள் சரியாகத்தான் செய்கிறார்கள். என் கருத்தைச் சொல்வதானால், தென்காசி ஊருக்குள் மரப்பெரணி வேண்டாம். குற்றாலம், மேக்கரை, பண்பொழி போன்ற மலையடிவாரத் தோப்புகளில், கிணறும் கமுகும் சேர்ந்த இடம் இருந்தால் முயலலாம். இரவில் குளிர வேண்டிய செடி அது.

ஊருக்குள் இருப்பவர்களுக்கு ஏற்ற பெரிய பெரணி நெஃப்ரோலெப்பிஸ் பைசெரேட்டா. நர்சரியில் மாச்சோ ஃபெர்ன் என்று கேட்டால் கொடுப்பார்கள். ஒன்றரை மீட்டர் நீள இலைகள் வளைந்து விழும். வெயிலையும் ஓரளவு தாங்கும். பக்கக் கொடி ஓடிப் புதுக்கன்று வைக்கும். முதன்முதலாகப் பெரணி வைப்பவர் இதில் தொடங்கி ஒரு கோடையைக் கடந்து பார்ப்பது நல்லது. அடுத்தது பறவைக்கூட்டுப் பெரணியான அஸ்ப்ளீனியம் நைடஸ். காட்டில் மரக்கிளையில் ஒட்டி வளர்ந்து, கிண்ணம் போல விரிந்த இலைகளின் நடுவே விழும் சருகுகளைப் பிடித்துவைத்து, அது மக்கிக் கிடைப்பதைத் தின்று வாழ்வது. இதைத் தோட்ட மண்ணில் ஆழமாகப் புதைத்தால் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். தென்னை மட்டையிலோ பலா மரக்கவட்டிலோ நார்க்கழிவு வைத்துக் கட்டினால் நிம்மதியாக இருக்கும். பிளெக்னம் ஓரியன்டேலின் இளங்குருத்து செம்பு நிறத்தில் வரும். புளிப்புத் தன்மையுள்ள செம்மண் கரையில் கொஞ்சம் வெளிச்சம் பட வைத்தால் அந்த நிறம் தூக்கலாகத் தெரியும். கொல்லிமலையில் முடவாட்டுக்கால் கிழங்கு என்று விற்பது ட்ரைனேரியா என்ற பெரணியின் கிழங்குதான். பாறையிலும் மரத்திலும் படரும் அது கோடையில் இலையுதிர்த்து அடுத்த மழைக்கு உயிர்த்தெழும். நம் தட்பவெப்பத்துக்கு அதைவிடப் பொருத்தமான பெரணி இல்லை. கிழங்குக்காகக் காட்டில் பெயர்த்துக்கொண்டே போவதை நிறுத்தித் தோட்டத்தில் வளர்க்க வேண்டிய செடி.

தோட்டம் போடும்போது முதலில் வேலை செய்ய வேண்டிய திசை மேற்கு. மேல்காற்றைத் தடுக்க உயரச் சுவர் எழுப்புவதுதான் வழி என்று தோன்றும். ஆனால் முழுச் சுவரில் மோதிய காற்று மேலேறி, மறுபக்கம் சுழன்று விழும்; சுவரை ஒட்டிச் சற்று அமைதியாகவும், சில அடி தள்ளி முன்னைவிட மோசமாகவும் இருக்கும். பாதிக் காற்றை உள்ளே விட்டுப் பாதியைத் தடுக்கும் வேலிதான் நல்ல தடுப்பு. ஆடாதோடையும் செம்பருத்தியும் நெருக்கி நட்ட இரட்டை வரிசை இதைச் செய்யும். அது வளரும்வரை மூங்கில் தட்டியோ தென்னங்கீற்றோ போதும். அடுத்து மேலே ஒரு கூரை. மாவும் பலாவும் இருக்கும் பழைய வீடுகளுக்கு அது ஏற்கெனவே வாய்த்திருக்கிறது. இல்லாதவர்கள் வாழை வைக்கலாம். ஒரே ஆண்டில் நிழல் தரும், அதன் அகன்ற இலைகளே காற்றில் ஈரம் சேர்க்கும். நிழல்வலை கட்டுவதானால் 75 சதவீத நிழல் தருவதை வாங்க வேண்டும். 50 சதவீதம் நம் சித்திரை வெயிலுக்குப் போதாது.

பெரணி நிழலில் வாழக் கற்றுக்கொண்ட கதையும் சொல்லத் தகுந்தது. இன்றைய பெரணி இனங்களில் மிகப் பெரும்பகுதி, பூக்கும் மரங்கள் பெருகி உலகில் நிழல் கூடியபிறகு தோன்றியவை. மங்கிய ஒளியிலும் திசை அறிந்து வளைய உதவும் நியோகுரோம் என்ற ஒளியுணர் புரதம் பல பெரணிகளில் இருக்கிறது. 2014இல் ஃபே-வே லி என்ற ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் அந்தப் புரதத்துக்கான மரபணுவைத் தேடிப்போனபோது, அது ஆந்தோசெராஸ் போன்ற, பிரையோஃபைட் எனப்படும் பாசி வகைத் தாவரங்களிடமிருந்து ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன் பெரணிக்குத் தாவியிருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். தாய் வழியிலும் தந்தை வழியிலும் வராமல், ஈரப்பாறையில் பக்கத்தில் வளர்ந்த வேற்றினத்திடமிருந்து வந்த சொத்து. நிழல்வலைக்குக் கீழே குருத்து ஒன்று வெளிச்சம் வரும் பக்கம் மெல்லத் திரும்புவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் செய்தி வியப்பாகவே இருக்கிறது.

பாத்தியைத் தரைமட்டத்துக்கு ஓர் அடி கீழே அமைத்தால் குளிர்ந்த ஈரக்காற்று அங்கே படியும். ஆனால் வடகிழக்குப் பருவமழையில் அந்தப் பள்ளம் குளமாகிவிடும். ஒரு பக்கம் வடிகால் விட்டே ஆக வேண்டும். மண் கலவைக்கு இலைமக்கு இரண்டு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, ஆற்றுமணலோ செங்கல் பொடியோ ஒரு பங்கு, கைப்பிடி அடுப்புக்கரி. நார்க்கழிவை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துவிட வேண்டும். அதிலுள்ள உப்பு பெரணியின் மெல்லிய வேரை எரித்துவிடும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடினமாக இருக்கும் இடங்களில் இலை நுனி கருகுவதற்கு வெயிலைவிட உப்பே காரணமாக இருப்பதும் உண்டு. தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு தெரிந்தால் ஐயமே வேண்டாம். மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைப்பதில் பெரணிக்காரர் சோம்பல்படக் கூடாது. உரம் மெலிதாக, மண்புழு உரம் போல, மழைமாதங்களில் மட்டும்.

கோடையில் தண்ணீரைச் செடியைவிடச் சுற்றுப்புறத்துக்கு அதிகம் விடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாவதற்கு உறிஞ்சும் வெப்பம், மின்சாரக் கணக்கில் ஏறக்குறைய முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. காலையில் செங்கல் தரை, கல், வேலிச்செடி, மரத்தூர் எல்லாவற்றையும் நனைத்துவிட்டால், அந்த ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு காற்றையும் ஈரமாக்கும். வேலி இல்லாத இடத்தில் இதைச் செய்தால் அந்த ஈரம் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும். அதனால்தான் வேலியை முதலில் சொன்னேன். உங்கள் தோட்டத்துக் காற்று எப்படி என்று அறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒரே மாதிரி இரண்டு வெப்பமானிகளை இலை உயரத்தில் நிழலில் தொங்கவிட்டு, ஒன்றின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி, துணியை விசிறி கொண்டு சற்று நேரம் வீசுங்கள். பிற்பகல் இரண்டு மணிக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஐந்து டிகிரிக்குள் இருந்தால் பெரணி வைக்கலாம். முன்னே சொன்ன 36 டிகிரி, 40 சதவீதக் காற்றில் இந்த வித்தியாசம் பத்து டிகிரியைத் தாண்டும். சாரல் நாளில் இரண்டு டிகிரிதான்.

வீட்டில் நல்லபடியாக வளரும் பெரணிக்கு நேரும் ஒரு கொடுமையையும் சொல்லிவிட வேண்டும். ஒருநாள் இலையைத் திருப்பிப் பார்ப்பார்கள். அடியில் பழுப்புப் புள்ளிகள். பூச்சி விழுந்துவிட்டது என்று நகத்தால் சுரண்டுவார்கள், மருந்தடிப்பார்கள், சிலர் இலையையே வெட்டி எறிவார்கள். அவை சோரஸ்கள், அதாவது ஸ்போர்ப் பைகளின் கொத்துகள். செதில்பூச்சியையும் இதையும் பிரித்தறிவது எளிது. சோரஸ் இலையின் அடிப்பக்கத்தில் மட்டும், நரம்பை ஒட்டியோ விளிம்பை ஒட்டியோ, அளந்து வைத்த வரிசையில் வரும். செதில்பூச்சிக்கு வரிசை கிடையாது. காம்பிலும் இருக்கும், மேல்பக்கத்திலும் இருக்கும், பக்கத்தில் பிசுபிசுப்பும் எறும்பும் இருக்கும்.

அந்தப் பழுப்புப் பொட்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் உள்ளே நடப்பது தெரியும். பெரும்பாலான பெரணிகளில் ஒவ்வொரு ஸ்போர்ப் பையின் முதுகிலும் பன்னிரண்டு பதின்மூன்று தடித்த செல்கள் ஒரு வளையமாக இருக்கின்றன. காற்று காயும்போது அந்தச் செல்களின் நீர் குறைந்து, வளையம் பின்னோக்கி வளைந்து பையைப் பிளக்கிறது. இழுவிசை எல்லை மீறியதும் செல்களுக்குள் நீராவிக் குமிழி வெடிக்கிறது. வளையம் மின்னல் வேகத்தில் முன்னே திரும்பி ஸ்போர்களை வீசுகிறது. 2012இல் நோப்ளின் குழுவினர் இதை அதிவேகக் கேமராவில் பிடித்து அளந்தார்கள். வீச்சின் வேகம் நொடிக்குப் பத்து மீட்டர். முடுக்கம் புவியீர்ப்பைப்போல் ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு. ஈரக்காற்றில்லாமல் வாழ முடியாத இந்தத் தாவரம், பிள்ளைகளை அனுப்புவதற்கு மட்டும் காற்று காயும் வேளைக்காகக் காத்திருக்கிறது. ஆஞ்சியாப்டெரிஸ் போன்ற தொல்குடிகளிடம் இந்த வளையம் வளர்ச்சி பெறவில்லை. அவற்றின் தடித்த பைகள் வெறுமனே பிளந்து ஸ்போரைக் கொட்டுகின்றன.

விழுந்த ஸ்போர் நேராகப் பெரணியாக முளைப்பதில்லை. ஈரம் பட்ட இடத்தில் விரல்நகத்தைவிடச் சிறிய, இதய வடிவ, பெரும்பாலும் ஒற்றைச் செல் தடிமனுள்ள பச்சைத் தகடாக விரிகிறது. அதற்குப் புரோதாலஸ் என்று பெயர். அதன் அடியில் ஆண், பெண் உறுப்புகள் தோன்றுகின்றன. ஆண் செல்கள் நீந்தித்தான் பெண் செல்லை அடைய முடியும். அதற்கு ஒரு சொட்டுத் தண்ணீராவது படலமாக நிற்க வேண்டும். கருவுற்ற பிறகே சுருள் குருத்தோடு நாம் அறிந்த பெரணி எழுகிறது.

வீட்டில் இதைச் செய்து பார்ப்பது எளிது. காட்டிலிருந்து செடி பெயர்ப்பதற்குச் சரியான மாற்றும் இதுதான். குற்றால மலையின் காடுகள் காப்புக்காடு. அங்கே ஒரு கன்றைப் பிடுங்குவதும் வனச்சட்டப்படி குற்றம். சயாத்தியா மரப்பெரணிகளின் பன்னாட்டு வணிகம் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. சட்டத்தை விடுங்கள். பாறை இடுக்கில் இருந்து பெயர்த்த பெரணி, தன் காற்றை அங்கேயே விட்டுவிட்டு வருகிறது, பெரும்பாலும் பிழைப்பதில்லை. தோட்டத்தில் உள்ள பெரணியின் முற்றிய இலைத்துண்டு ஒன்றைச் சோரஸ் கீழ்நோக்கி இருக்கும்படி வெள்ளைத் தாளில் மடித்து, காய்ந்த அறையில் ஒரு நாள் வைத்தால் பழுப்புத் தூள் கொட்டியிருக்கும். நார்க்கழிவும் நுண்மணலும் கலந்து, மேலே கொதிநீர் ஊற்றி ஆறவைத்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பாவில் நிரப்பி, அந்தத் தூளைக் கண்ணுக்குத் தெரியாத அளவு மெலிதாகத் தூவி, மூடிவிடுங்கள். மூடியைத் திறக்காமல், வெயில் படாத சன்னலோரத்தில் வைக்க வேண்டும். சில வாரங்களில் பச்சைப் பூச்சு படரும், பிறகு தகடுகள் தெரியும். அப்போது காய்ச்சி ஆறிய தண்ணீரை வாரம் ஒருமுறை நுண்ணிய பூத்தூறலாகத் தெளித்தால் கருவுறுதல் நடக்கும். சுருள் குருத்துகள் எழுந்து, இரண்டு மூன்று இலை விட்டபிறகு, மூடியை ஒரே நாளில் எடுக்காமல் இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். அந்த நகர்த்தலை ஆனிச் சாரல் தொடங்கும் நேரத்துக்கு வருமாறு கணக்கிட்டு, தை மாதத்தில் தூவுவது தென்காசிக்குப் பொருந்தும்.